லயனலோடு ஆடியவர்களுக்கு

லயனல் இறந்த செய்தி வந்தபோது என் வாயில் குண்டூசிகள் இருந்தன. தன்னாமுனையிலிருந்து வந்த ஒரு மணப்பெண்ணை என் தையல் கடையில் நிற்கவைத்து, அவளுடைய வெள்ளைக் கவுனை இடுப்பில் பிடித்துக் குத்திக்கொண்டிருந்தேன். மேசையில் கிடந்த கைபேசி அடித்தது. அந்தப் பெண்ணே அதை எடுத்து என் காதில் வைத்தாள். எங்கள் மண்டபக் குழுவின் செயலாளர் டெரிக் பேசினார்.

“ஜெசி, லயனல் போயிட்டார். விடியப் பாத்தா நித்திரையிலயே போயிருக்கார். ஒரு நோவும் இல்லாம.”

நான் ஊசிகளை எடுத்துவிட்டு “ஓம்” என்றேன். டெரிக் நான் அழுகிறேன் என்று நினைத்து ஆறுதல் சொன்னார். அவர் வைத்ததும் மீதி ஊசிகளையும் குத்தி முடித்தேன்.

அடுத்த கிழமை டெரிக் மறுபடி அழைத்தார். முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சிறிய நினைவு மலர் அடிக்கப் போகிறார்களாம். “நல்லதா நாலு வரி எழுதித் தாங்க. அவரோட கன காலம் ஆடினது நீங்கதானே.” நான் எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, “இதைப் போட ஏலா, ஜெசி,” என்று திருப்பித் தந்துவிட்டார். நல்லதாக நாலு வரி என்னிடம் இல்லை. இருப்பதை இங்கே எழுதுகிறேன்.

வெளியூரிலிருந்து வாசிப்பவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர். எங்கள் கல்யாண வீடுகளில் ஆட்டம் இல்லாமல் சாப்பாடு இறங்காது. வோல்ட்ஸ், ஜைவ், பைலா, எட்டுப் பேர் சேர்ந்து ஆடும் லான்சர்ஸ் எல்லாம் உண்டு. பைலாவை யாரும் எப்படியும் ஆடலாம். வோல்ட்ஸும் ஜைவும் அப்படி அல்ல. அவற்றில் ஒருவர் கொண்டுபோவார், மற்றவர் கூடப் போவார். கொண்டுபோவது ஆண், கூடப் போவது பெண் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் யாரும் மாற்றியதும் இல்லை.

லயனல் வாகனம் திருத்தும் கராச் வைத்திருந்தார். பகலில் எண்ணெய்க் கறையும் பழைய சாரமுமாகத் திரிகிறவர், மாலையில் கிறீம் நிறக் கோட்டுப் போட்டு வந்தால் ஆளே வேறு. அவரைப் போல ஆட எங்கள் பக்கத்தில் ஒருவர் இருக்கவில்லை. பொய் சொல்ல நான் வரவில்லை. அவர் கால் வைத்த இடம் அழகாக இருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறீர்கள். நீங்கள் பார்த்தது அவருடைய முதுகை. நாங்கள் இருந்தது முன்பக்கம்.

அவர் ஆட வருகிறாயா என்று கேட்கமாட்டார். நேரே வந்து மணிக்கட்டைப் பிடித்து எழுப்புவார். முதல் தடவை அப்படி எழுப்பியபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. தன்னாமுனையில் ஒரு கல்யாண வீடு. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடியே, “போ மகள். லயனல் கூப்பிட்டா வேணாம் எண்டு சொல்லப்படாது,” என்றா. போனேன். அன்று தொடங்கி அந்த மண்டபங்களில் நான் அவருடைய சோடி. யாரும் என்னைக் கேட்டு அது நடக்கவில்லை.

அவருடைய வலது கை என் முதுகில் இருக்கும். பெருவிரலை மட்டும் முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் அழுத்தி வைப்பார். அந்தப் பக்கம் போ, இந்தப் பக்கம் கிறுகு என்பதெல்லாம் அந்த விரலால் வரும். நான் தப்பாகக் கால் வைத்தால் விரல் இறங்கும். அதே நேரம் என் காதில் ஏதாவது சொல்வார். “மாடு மாதிரி மிதிக்காத.” முகம் சிரித்தபடி இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அவர் எனக்கு இனிப்பாக ஏதோ சொல்வது போல இருக்கும். எவ்வளவு நெருக்கம் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தான் என் கன்னத்தில் பதிந்த நாட்கள் உண்டு. “ஆம்பிளை கொண்டு போவான், பொம்பிளை வரோணும். அவ்வளவுதான் ஆட்டம்,” என்பார். அந்த மலரில் இதையும் அவருடைய பொன்மொழி என்று போட்டிருக்கிறார்கள்.

எனக்குக் கல்யாணமான பிறகும் இது நிற்கவில்லை. என் கணவர் குமார் பழுகாமத்தில் வயல் செய்கிற குடும்பம், சைவம். கல்யாண வீடுகளில் ஒரு மூலையில் இருந்து சாப்பிடுவார். யாராவது ஆடக் கூப்பிட்டால், “எங்கட ஊரில சாமி வந்தாத்தான் ஆடுவம்,” என்று சொல்லிச் சமாளிப்பார். ஒருநாள் வீட்டுக்கு வந்து நான் கவுனைக் கழற்றியபோது முதுகில் நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, “இது என்ன கண்டல்?” என்று கேட்டார். சொன்னேன். “நோகுதெண்டா சொல்லு. சொன்னாத்தானே தெரியும்,” என்றார். அவருக்கு அது அவ்வளவு எளிதாக இருந்தது.

சொன்னேன். அடுத்த கல்யாணத்தில் வோல்ட்ஸ் நடுவே, மெதுவாக, “லயனல் அண்ணன், கையைக் கொஞ்சம் மேல வையுங்க. இறுக்காதீங்க,” என்றேன். அவர் நின்றார். மண்டபத்தின் நட்ட நடுவில் நின்று, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார், பொலிஸ்காரன் துவக்கு நீட்டியது போல. “இஞ்ச பாருங்க, இவவுக்கு என்ட கை பாரமாம்!” என்று கத்தினார். முழு மண்டபமும் சிரித்தது. நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். வயலின்காரரும் வில்லை எடுத்துவிட்டுச் சிரித்தார். பிறகு லயனல் குனிந்து வணங்கி மறுபடியும் என்னைப் பிடித்தார். கை முன்பிருந்ததை விடக் கீழே இருந்தது.

அவருடைய பலம் தசையில் இருந்தது என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றுதான் அது உங்களிடம் இருந்தது என்று தெரிந்தது.

மெர்லினின் கதையையும் நீங்கள் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அது பிறகு வந்த ஒரு கல்யாணம். மெர்லின் அதில் மணப்பெண்ணின் தங்கை. ஜைவ் போய்க்கொண்டிருந்தது. லயனல் அவளை எழுப்பிக்கொண்டு போய்ச் சுழற்றினார். பிறகு, கடைசியில் பெண்ணைப் பின்னால் வளைத்து நிலத்துக்குக் கிட்டக் கொண்டுபோவாரே, அதைச் செய்யப் போனார். அந்தப் பிள்ளைக்கு அது பழக்கமில்லை. உடம்பை விறைத்துக்கொண்டது. லயனல் கையை விட்டார். தவறிப் போயிற்றா, கோபத்தில் விட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவள் கையை ஊன்றி விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் முன்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது.

லயனல் கோட்டை இழுத்துச் சரிப்படுத்தினார். “சொல்லுக் கேட்டு ஆடத் தெரியாட்டி ஆட வரப்படாது,” என்றார். பாட்டு நிற்கவில்லை.

மெர்லினை நான்தான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கல்லடிப் பாலம் கடக்கும்வரை அவள் அந்தக் கையை மடியில் தாங்கிப் பிடித்திருந்தாள். பிறகு, “நான் வேணாம் எண்டு சொன்னன் அக்கா,” என்றாள். “சிரிச்சுக்கொண்டு சொன்னன். அதுதான் பிழையோ?”

நாங்கள் எல்லாருமே சிரித்துக்கொண்டுதான் சொல்லப் பழகியிருந்தோம்.

அடுத்த கல்யாணத்தில் லயனல் என் மணிக்கட்டைப் பிடித்தபோது நான் எழும்பவில்லை. சிரிக்கவும் இல்லை.

“வேணாம் லயனல் அண்ணன்.”

“என்ன புள்ள, கால் நோவோ?”

“இல்ல. உங்களோட ஆட எனக்கு விருப்பமில்ல.”

அவர் கையை எடுக்கச் சிறிது நேரம் ஆனது. பக்கத்து மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது. அவர் அடுத்த மேசைக்குப் போய் இன்னொருத்தியை எழுப்பினார். அன்று மாலை என்னிடம் வேறு எந்த ஆணும் வரவில்லை. அதற்கடுத்த கல்யாணத்திலும் வரவில்லை. என்னிடம் கவுன் தைக்கக் கொடுத்திருந்த ஒரு குடும்பம் துணியைத் திருப்பி எடுத்தது. அம்மா என்னோடு கதைக்காமல் இருந்தா. “ஒரு மனிசனைச் சபையில அவமானப்படுத்தினவ,” என்று என்னைப் பற்றித் தன் சகோதரிகளிடம் சொன்னா. மெர்லினின் கை அப்போது இன்னும் மாக்கட்டில் இருந்தது.

கை சுகமான பிறகு மெர்லின் என் கடைக்கு வந்தாள். “அக்கா, எனக்கு ஆட ஆசையா இருக்கு. ஆனா பயமாவும் இருக்கு,” என்றாள். அடுத்த கல்யாணத்தில் நான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வோல்ட்ஸ் ஆடினேன். நான் ஆணின் இடத்தில் நின்றேன். என் தொழில் பெண்களின் இடுப்பைச் சுற்றி அளவுநாடா போடுவது. தொட முன்பு சொல்லவேண்டும், சொன்ன இடத்தில் மட்டும் தொடவேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், அளவு பிழைக்கும். அப்படியே மெர்லினிடமும், “இஞ்ச பிடிக்கட்டா?” என்று கேட்டேன். அவள் சிரித்தாள். ஆட்டத்தில் அவளை யாரும் எதையும் கேட்டதில்லை.

கொண்டுபோகிறவராக நின்றபோதுதான் ஒன்றைக் கண்டேன். கொண்டுபோகிறவருக்கு முழு மண்டபமும் தெரிகிறது. எந்தச் சோடி இடிக்க வருகிறது, எங்கே கதிரை கிடக்கிறது, எங்கே நிலம் ஈரமாக இருக்கிறது, எல்லாம் தெரிகிறது. கூட வருகிறவர் பின்னால் அடி வைத்துக்கொண்டு அந்த ஆளின் தோளை மட்டும் பார்க்கிறார். தனக்குத் தெரியாத இடத்துக்குத் தன் உடம்பைக் கொடுக்கிறார். அப்படிக் கொடுத்ததை இறுக்கிப் பிடித்து நசிக்க எப்படி மனம் வரும்? நான் மெர்லினை எவ்வளவு லேசாகப் பிடித்தாலும் அவள் வந்தாள். அழுத்தவே தேவையில்லை. அப்படியானால் அந்தப் பெருவிரல் இத்தனை வருடமும் எதற்காக இருந்தது?

லயனல் எங்களைப் பார்த்து, “ஆம்பிளை இல்லாத வீட்டு ஆட்டம்,” என்றார். அதற்கும் சிரித்தீர்கள். ஆனால் மெல்ல மெல்ல மற்றப் பெண்களும் என்னிடம் வந்தார்கள். ஒருமுறை லான்சர்ஸுக்கு ஓர் ஆண் குறைந்தது. நான் அந்த இடத்தில் நின்றேன். அடவுகளைச் சொல்லி நடத்துகிறவர் லயனல். அவர் வாயை மூடிக்கொண்டார். “ஆள் சரியா நிண்டாத்தான் நான் சொல்லுவன்,” என்றார். வரிசை கலைந்தது. மணப்பெண் அழுதாள். அதற்கும் காரணம் நான்தான் என்று ஊரில் பேச்சு.

இப்படியே வருடங்கள் போயின. லயனலுக்கு நடுக்குவாதம் வந்தது. முதலில் கை நடுங்கியது, பிறகு கால் நிலத்தில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது. நடந்து வருகிறவர் வாசற்படியில் நின்றுவிடுவார். அடுத்த அடி வராது. அவருடைய மனைவி அப்போது உயிரோடு இல்லை. கல்யாணமான பிறகு அவ அவரோடு ஆடியதை நான் ஒரு தடவையும் கண்டதில்லை. ஒரே மகள் ஷெரின் அவரைப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைமீது எனக்கு விருப்பம். கல்யாணம் நிச்சயமாகிக் கவுனுக்கு அளவு கொடுக்க வந்தவள், அளவு கொடுத்து முடிந்தும் போகாமல் நின்றாள்.

“அன்ரி, கல்யாணத்தில டடா என்னோட வோல்ட்ஸ் ஆடோணும் எண்டு நிக்கிறார். பாட்டுப் போட்டாக் கொஞ்சம் நடக்கிறார். டொக்டரும் பாட்டோட நடக்கச் சொன்னவர். ஆனா தானா அடி எடுக்க ஏலாம இருக்கு. ஆராவது கொண்டுபோனா வருவார்போல. எனக்குக் கொண்டுபோகத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.”

“உன்ட டடாவுக்கு இது தெரியுமா?”

“நான் கேட்டன். ஒண்டும் சொல்லல்ல. வேணாம் எண்டும் சொல்லல்ல.”

ஒத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்காக என்று டெரிக்கின் மலரில் எழுதியிருக்கலாம். அது பாதிதான். லயனல் பின்னால் அடி வைப்பதை என் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன்.

கல்லடியில் என் வீட்டு முன்னறையில், பின்னேரங்களில், கதிரைகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு ஆடினோம். குமார் கைபேசியில் பாட்டைப் போடுவார். ஷெரின் பார்த்துப் பழகுவாள். லயனல் கூட வருவதற்கு மிக மோசமான ஆளாக இருந்தார். கை நடுங்கினாலும் அந்தக் கை என்னைத்தான் தள்ளப் பார்க்கும். நான் வலப்பக்கம் கொண்டுபோனால் அவர் தோளால் இடப்பக்கம் இழுப்பார். அடிக்கடி தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார். முதல் நாளே நான் அவரை இறுக்கிப் பிடித்தேன். பெருவிரலை எங்கே வைக்கவேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வைத்தேன்.

“நோகுது, ஜெசி.”

“எனக்கும் நொந்தது.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னன். நீங்க கையைத் தூக்கிக் காட்டினீங்க. முழு ஹோலும் சிரிச்சது.”

அவர் யோசித்தார். அல்லது யோசிப்பது போல நின்றார். “அது பகிடிக்கு,” என்றார்.

மெர்லினைப் பற்றிக் கேட்டேன். “அவளுக்கு ஆடத் தெரியாது,” என்றார். குமார் பாட்டை நிற்பாட்டிவிட்டு எழுந்து குசினிக்குப் போய்விட்டார். ஷெரின் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பெருவிரலை எடுத்தேன். அவருக்கு இரங்கியல்ல, அப்படிப் பிடித்தால் அவருடைய கால் இன்னும் இறுகியது, அடி வரவில்லை. லேசாகப் பிடித்தபோது வந்தார்.

கல்யாண நாளில் ஷெரின் அவரைக் கொண்டுபோனாள். நான் தைத்த கவுனின் நீண்ட கைக்குள்ளே அவளுடைய முழங்கை எப்படி அவரைத் தாங்குகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அப்பா மகளைக் கொண்டுபோவது போலவே இருந்தது. ஒரு மூலையில் அவருடைய கால் ஒட்டியது. அவள் நிற்காமல் அவருடைய பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றினாள். அடி வந்தது. ஆட்டம் முடிந்ததும் மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. “லயனல் இண்டைக்கும் லயனல்தான்!” என்று டெரிக் ஒலிவாங்கியில் கத்தினார். ஒலிவாங்கியை லயனலிடம் நீட்டி, “மகள் நல்லா ஆடுறா, ஆர் பழக்கினது?” என்று கேட்டார்.

லயனல் என் மேசையைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

“வேற ஆர்? நான்தான்,” என்றார்.

நீங்கள் மறுபடியும் கை தட்டினீர்கள். ஷெரின் வாயைத் திறந்தாள். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அது அவளுடைய நாள். மெர்லின் என் பக்கத்தில் இருந்தாள். “அக்கா, இந்த மனிசன் சாகும் வரைக்கும் திருந்தாது,” என்றாள். சாப்பாட்டு மேசைக்கு நாங்கள் அவரைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. தாண்டிப் போனோம்.

அவர் இறந்ததும் நான் ஷெரினை அழைத்து, இப்படி எழுதப் போகிறேன், உனக்கு மனம் நோகும் என்றால் எழுதமாட்டேன் என்று சொன்னேன். “எழுதுங்க அன்ரி,” என்றாள். “செத்த வீட்டில எல்லாரும் ஒண்டையே சொன்னாங்க. கேக்கக் கேக்க, அது ஆரோ எனக்குத் தெரியாத ஆள் மாதிரி இருந்துது.”

இன்னும் ஒன்று இருக்கிறது. ஷெரினின் கல்யாணம் முடிந்த பிறகும் லயனல் என் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆடிய அன்று வீட்டுக்குள் நடக்க இலேசாக இருந்ததாம். ஷெரின் கொண்டுவந்து விடுவாள். ஒலிவாங்கியில் சொன்னதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கதவைத் திறந்தேன், ஆடினோம், கதவைப் பூட்டினேன். அதற்குமேல் எங்களுக்குள் ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு பின்னேரம், மழை இருட்டிக்கொண்டு வந்தது. பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. அன்று லயனல் என்னைத் தள்ளவில்லை. தலையைத் திருப்பிப் பார்க்கவும் இல்லை. அறையின் நடுவில் வந்ததும் நின்றார். கால் ஒட்டிவிட்டது என்று நினைத்து நான் பாரத்தை மாற்றப் போனேன். கால் ஒட்டவில்லை. அவருடைய கை என் தோளில் இறுகியிருந்தது.

“ஜெசி, பின்னுக்கு என்ன இருக்கெண்டு தெரியல்ல. பயமா இருக்கு.”

“எனக்குத் தெரியுது. அடியை வையுங்க.”

வைத்தார். இன்னொன்றும் வைத்தார். மூச்சு வாங்கியது. என் முகத்தைப் பாராமல், சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

“நீங்க எல்லாம் இப்பிடித்தான் என்னோட ஆடினீங்களோ?”

“ஓம்.”

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதை மெர்லினிடம்தான் கேட்டிருக்கவேண்டும். பாட்டு முடியும்வரை ஆடினோம். அந்தக் கேள்வியை அவர் உங்களில் ஒருவரிடமும் கேட்டிருக்கமாட்டார்; அதனால் அதை நான் வைத்துக்கொள்கிறேன். மீதி லயனல் முழுவதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.